தாக்குதல் என்று எழுதும் முன்: போர்ச் செய்திக்கான தமிழ்ச் சொற்கள், படிப்படியாக

கடலூரில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இரவு பதினொரு மணிக்கு மேல் வந்த ஒரு செய்திக்கு ‘நடுக்கடலில் மீனவர்கள் தாக்குதல்’ என்று தலைப்பு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் ஒரு குப்பத்திலிருந்து பத்துப் பேர் வாசலில் நின்றார்கள். “அடி வாங்கிட்டு வந்தவங்க நாங்க. நாங்களே போய் அடிச்ச மாதிரி போட்டிருக்கியே தம்பி?” என்று கேட்டார் கையில் கட்டோடு வந்திருந்த பெரியவர். தலைப்பை மறுபடி படித்துப் பார்த்தேன். அடித்தவர் யார், அடிபட்டவர் யார் என்பதற்கு அந்த மூன்று சொல்லில் ஒரு துப்பும் இல்லை.

அதற்கப்புறம் இத்தனை வருடமாகச் செய்தி திருத்துகிற வேலைதான். உக்ரைன், காஸா, நம் எல்லை என்று எங்கே சண்டை நடந்தாலும் மேசைக்கு வருகிற தாளில் ‘தாக்குதல்’ பதினைந்து இடத்தில் இருக்கும். கப்பல் சுட்டாலும் தாக்குதல், விமானம் குண்டு போட்டாலும் தாக்குதல், ஊரை ஆறு மாதம் வளைத்துக்கொண்டு பட்டினி போட்டாலும் தாக்குதல். தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. அவற்றில் சரியானதைப் பிடிக்க நான் போகும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். போர்ச் செய்தியை மொழிபெயர்ப்பவர்களுக்கும் உள்ளூர் வரலாறு எழுதுபவர்களுக்கும் உதவும். எடுத்துக்காட்டுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டில் கடலூரும் புதுச்சேரியும் வாங்காத அடி இல்லை.

படி 1: ‘தாக்குதல்’ எவ்வளவு அகலமான சொல் என்று பாருங்கள்

2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கடற்கரையில் உள்ள தேவனாம்பட்டினத்தைச் சுனாமி தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வைத்திருப்பவர்களைக் கேட்டால் ‘தேயிலைக் கொசுத் தாக்குதல்’ என்பார்கள். மின்னல் தாக்கும், நோய் தாக்கும், அரசியல்வாதி மேடையில் ஏறி எதிர்க்கட்சியைத் தாக்கிப் பேசுவார். வந்து மோதுகிற எதற்கும் பொருந்துகிற சொல் இது. அதனால்தான் போர்ச் செய்தியில் அது மட்டும் தனியாக நின்றால் எதுவும் விளங்குவதில்லை. முன்னே ஓர் அடை, பின்னே ஒரு நல்ல வினை, இரண்டில் ஒன்றாவது வேண்டும்.

‘தாக்கம்’ வேறு. அது மோதியதால் ஏற்பட்ட விளைவு. ‘போரின் தாக்கம் எண்ணெய் விலையில் தெரிகிறது’ என்பது சரி. ‘ஏவுகணைத் தாக்கம் நடத்தினர்’ என்பது தவறு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து எழுதுபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

படி 2: யார், யாரை

மீனவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. தலைப்பில் இடம் குறைவு என்று வேற்றுமை உருபைத்தான் முதலில் வெட்டுகிறோம். ஆனால் அடித்தவரையும் அடிபட்டவரையும் பிரித்துக் காட்டுவது அந்த உருபு ஒன்றுதான். ‘மீனவர்கள் மீது தாக்குதல்’ என்று ஒரே ஒரு ‘மீது’ சேர்த்திருந்தால் அன்று காலை அந்தப் பெரியவர் வந்திருக்க மாட்டார்.

‘விமானத் தாக்குதல்’ என்பதிலும் இதே சிக்கல். விமானத்தால் தாக்கினார்களா, விமானத்தைத் தாக்கினார்களா? முதலாவது என்றால் ‘வான்வழித் தாக்குதல்’ அல்லது ‘விமானக் குண்டுவீச்சு’. இரண்டாவது என்றால் ‘விமானம் மீது தாக்குதல்’. இரண்டு நாட்டின் பெயரை அடுத்தடுத்து வைத்து அதன் பின்னால் ‘தாக்குதல்’ என்று போடுவது எல்லாவற்றையும்விட மோசம். படிப்பவர் தனக்குப் பிடித்த நாட்டை நல்லவனாக வைத்துப் படித்துக்கொள்வார்.

வினையிலும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். ‘தாக்கினர்’ எளிமையானது, பெரும்பாலும் அதுவே போதும். பல இடங்களில், திட்டமிட்டு, கொஞ்ச நேரமாவது நீடித்தால் ‘தாக்குதல் நடத்தினர்’. ‘தொடுத்தனர்’ என்றால் இவர்கள்தான் ஆரம்பித்தார்கள் என்ற பொருள் ஒட்டிக்கொள்ளும். அம்பைத் தொடுப்பது, வழக்குத் தொடுப்பது, போர் தொடுப்பது எல்லாம் முதலில் கை வைப்பவரைக் குறிப்பவை. யார் முதலில் சுட்டார்கள் என்று தெரியாதபோது ‘தாக்குதல் தொடுத்தனர்’ என்று எழுதிவிடாதீர்கள். அது தீர்ப்பு சொல்வது மாதிரி.

படி 3: கருவியைக் கண்டுபிடித்து, அதற்குரிய வினையைப் போடுங்கள்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதி, ‘எம்டன் குண்டு வீசியது’ என்று போட்டிருந்தேன். புதுச்சேரியில் என் நண்பனின் தாத்தா ஒரு சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குபவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சோல்ஜருக்கான பிரெஞ்சுச் சொல் தமிழாகிவிட்டது. இந்தோசீனாவில் சண்டை பார்த்தவர். கட்டுரையைப் படித்துவிட்டுச் சிரித்தார். “கப்பல் சுடும் தம்பி. வீசறதுக்கு அதுக்குக் கை ஏது?”

ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். கையாலோ விமானத்திலிருந்தோ போடுவது வீச்சு. ரவுடிகள் நாட்டு வெடிகுண்டை வீசுகிறார்கள், போர் விமானம் குண்டு வீசுகிறது. குழாய் வழியாக வெடிமருந்தின் விசையில் போவது சூடு. துப்பாக்கியும் பீரங்கியும் போர்க்கப்பலும் சுடும். ஏவுகணை ஏவப்படும். யாரோ முன்கூட்டியே கொண்டுபோய் வைத்தால் அது குண்டுவெடிப்பு. வைத்தவர் இருக்கிறார், வீசியவர் இல்லை. கண்ணிவெடி புதைக்கப்படும், அதில் ஆள் சிக்குவார். ‘கண்ணி’ என்பது பறவை பிடிக்க வைக்கிற கண்ணிதான்.

எம்டன் இன்னொரு வழியிலும் தமிழுக்குள் வந்துவிட்டது. ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் கப்பல்தான். இருட்டில் வந்து அடித்துவிட்டுச் சிக்காமல் போன சாமர்த்தியம் ஆளுக்கு அடைமொழியாகிவிட்டது.

‘குண்டு’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பீரங்கிக் குண்டு, விமானம் போடும் குண்டு, துப்பாக்கிக் குண்டு மூன்றுக்கும் ஒரே சொல். ‘குண்டு பாய்ந்தது’ என்றால் துப்பாக்கிக் குண்டு, ‘குண்டு விழுந்தது’ என்றால் மேலிருந்து வந்தது, ‘குண்டு வெடித்தது’ என்றால் வெடிகுண்டு. வினைதான் பிரித்துக் காட்டுகிறது. கடலூர்க்காரர்களுக்குக் குண்டு என்பது நிலத்தை அளந்த கோலும்கூட. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேசிக்கொண்டார்கள். பல திசைகளில் சுட்டார்கள். கடலூர் நகரமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. குண்டு கிராமங்கள் என்ற பேச்சும், குண்டு சாலை என்ற பெயரும் இன்னும் இருக்கின்றன. ஒரு குண்டுகூட ஒருவர் மேலும் படாமல் ஊர் பறிபோன அந்தச் சம்பவத்துக்குத் ‘தாக்குதல்’ என்ற சொல் எங்குமே பொருந்தாது, பாருங்கள்.

‘பீரங்கி’க்கும் நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டைக்கும் உறவு உண்டு. ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’ என்ற பாரசீகச் சொல் ஒரு பக்கம் பறங்கியாகவும், அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்தில் பீரங்கியாகவும் ஒட்டிக்கொண்டது.

எறிகணை, ஏவுகணை இரண்டையும் கலக்காதீர்கள். பீரங்கியோ, மோர்ட்டார் என்ற குட்டைக் குழாய்ப் பீரங்கியோ சுடுவது எறிகணை. தானே உந்திக்கொண்டு இலக்கைத் தேடிப் போவது ஏவுகணை. எறிகணை என்ற சொல்லை நன்றாகப் புழக்கத்தில் வைத்திருப்பவர்கள் ஈழத் தமிழர்கள். புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் எழுத்துச் சொல்லைப் பயன்படுத்தவே இல்லை. “செல் அடிக்கத் தொடங்கினா பங்கருக்குள்ள ஓடிருவம்” என்றார். அனுபவித்தவர் பேச்சை மேற்கோளாகப் போடும்போது செல்லை எறிகணையாக்கி, பங்கரைப் பதுங்குகுழியாக்கித் திருத்த வேண்டாம். நீங்கள் எழுதும் வாக்கியத்தில் மட்டும் எழுத்துச் சொல் வரட்டும்.

படி 4: எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள்

இங்கேதான் தமிழின் பழைய செல்வம் கிடக்கிறது. தாக்குதலை ஆயுதத்தால் பிரிக்காமல் நோக்கத்தாலும் நகர்வாலும் பிரித்தவர்கள் நம் ஆட்கள். மாடுகளைக் கவர்ந்து வருவது வெட்சி, மீட்பது கரந்தை. மண்ணாசையால் அடுத்தவன் நாட்டின் மேல் செல்வது வஞ்சி. மதிலை வளைப்பது உழிஞை, மதிலுக்குள் இருந்து காப்பது நொச்சி. நேருக்கு நேர் களத்தில் மோதுவது தும்பை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள்ளும் நொச்சியை உழிஞைக்குள்ளும் அடக்கிவிடும். பின்னால் வந்தவர்கள் தனித்தனியாகப் பிரித்தார்கள். இந்தப் பூப்பெயர்களை நாளிதழில் போடச் சொல்லவில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்டால் போதும்: கவர வந்தார்களா, நிலம் பிடிக்க வந்தார்களா, வளைத்தார்களா, நேரே மோதினார்களா?

நிலம் பிடிக்கும் நோக்கத்தோடு பெரும்படை எல்லை தாண்டினால் படையெடுப்பு. 1780இல் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது படையெடுப்பு. அடுத்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அவர் படையும் ஆங்கிலேயப் படையும் பரங்கிப்பேட்டை அருகே மோதியது அந்தப் போருக்குள் ஒரு சண்டை. நாம் அதையும் பரங்கிப்பேட்டைப் போர் என்கிறோம். முழுவதையும் மைசூர்ப் போர் என்கிறோம். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். அப்போது களத்தில் ஒரு நாள் நடந்ததற்கு ‘சண்டை’ போதும். ஈழத்தில் ‘சமர்’ என்று அழகாக எழுதுகிறார்கள், அதையும் எடுத்துக்கொள்ளலாம்.

சிறு குழு ஓசைப்படாமல் எல்லைக்குள் நுழைந்தால் ஊடுருவல். மறைந்திருந்து, வருகிறவரை அடித்தால் பதுங்கித் தாக்குதல். அடித்துவிட்டு மறைவதையே வழியாக வைத்திருந்தால் கொரில்லாத் தாக்குதல். ‘கரந்தடி’ என்ற சொல்லும் உண்டு. ‘அதிரடி’யை மட்டும் நான் தவிர்த்துவிடுகிறேன். ஆடித் தள்ளுபடிக்கெல்லாம் அதைப் போட்டுப் போட்டு, லாரன்ஸ் ரோடு ஜவுளிக்கடை நினைவுதான் வருகிறது.

முற்றுகைக்கு வருவோம். ஆணையர் அலுவலகம் முற்றுகை, ஆட்சியர் அலுவலகம் முற்றுகை என்று தினமும் படிப்பதால் அதை வாசலில் உட்கார்ந்து கோஷம் போடுவதாகவே நினைத்துவிட்டோம். உழிஞையைச் சொல்லும்போது தொல்காப்பியர் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொல்கிறார்: அரணை முற்றல், பிறகு கோடல். முற்றல் என்றால் வளைத்தல். கோடல் என்றால் கொள்ளுதல். முதலாவது நடந்து இரண்டாவது நடக்காமலும் போகலாம். புதுச்சேரி இரண்டையும் பார்த்திருக்கிறது.

1748இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியைப் பிடிக்க வந்தார். போகிற வழியில் அரியாங்குப்பத்தில் இருந்த சிறு கோட்டையிலேயே நாட்கள் போய்விட்டன. நகரை வளைத்த பிறகும் நெருங்க முடியவில்லை. ஐப்பசி மழை நெருங்கியது. அக்டோபரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். இதற்கு ‘முற்றுகையைக் கைவிட்டார்’ அல்லது ‘விலக்கிக்கொண்டார்’. ‘முற்றுகை தோல்வியடைந்தது’ என்றும் எழுதலாம், தவறில்லை. ஆனால் யார் கைவிட்டார் என்பது அதில் மறைந்துவிடுகிறது.

அடுத்த தடவை வேறு மாதிரி. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியைத் துரத்திக்கொண்டு வந்த ஆங்கிலேயத் தளபதி கூட், புதுச்சேரியை நிலத்தில் வளைத்தார். கடலில் கப்பல்கள் வழியை அடைத்தன. உள்ளே சோறு தீர்ந்தது. லாலி ஊர் மக்களைக் கோட்டைக்கு வெளியே விரட்டினார். அவர்கள் இரண்டு படைக்கும் நடுவில் நாட்கணக்கில் திண்டாடினார்கள். 1761 ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது. முற்றலும் கோடலும் இரண்டுமே நடந்தன. இப்படிச் சோற்றை அடைத்து ஊரைச் சாகடிக்கிற வேலையைத் ‘தாக்குதல்’ என்று எழுதினால் பட்டினி மறைந்துபோகும். சண்டை என்றால் சத்தம் கேட்கும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள்.

கடல் வழியை மட்டும் அடைத்தால் ‘கடல் முற்றுகை’. ‘பொருளாதாரத் தடை’ அதற்குச் சமம் இல்லை, அது காகிதத்தில் போடுவது.

படி 5: திருப்பி அடித்ததற்குப் பெயர் வையுங்கள்

அதே களத்தில், இழந்த இடத்தை மீட்க உடனே அடித்தால் எதிர்த்தாக்குதல். வேறொரு நாள், வேறொரு இடத்தில், முன்பு பட்டதற்காக அடித்தால் பதிலடி. 1758 ஜூனில் லாலி தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்து இடித்துப் போட்டார். மூன்று ஆண்டு கழித்துப் புதுச்சேரி கையில் சிக்கியதும் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். இதைப் பதிலடி என்பதா, பழிக்குப் பழி என்பதா? பிடித்த பிறகு, எதிர்க்க ஆளில்லாத நகரத்தை இடித்ததால் நான் பழிக்குப் பழி என்றே எழுதுவேன். பதிலடி என்றால் எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

படி 6: அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது?

எந்த ராணுவமும் தான் தாக்கியதாகச் சொல்லாது. ‘நடவடிக்கை எடுத்தோம்’ என்றுதான் சொல்லும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பிவிட்டு ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ என்றது. அது ரஷ்யாவின் சொல் என்று தெரியும்படி மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டு, உங்கள் வாக்கியத்தில் ‘படையெடுப்பு’ என்று எழுதுங்கள்.

2016 செப்டம்பரில் ‘சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்’ வந்தபோது எங்கள் மேசையில் பெரிய கலாட்டா. ஒருவர் ‘அறுவைச் சிகிச்சைத் தாக்குதல்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். படித்தால் ஆஸ்பத்திரியில் புகுந்து அடித்த மாதிரி இருந்தது. கடைசியில் பல இதழ்களும் ‘துல்லியத் தாக்குதல்’ என்பதில் வந்து நின்றன. அதிலும் ஒரு கொக்கி உண்டு. துல்லியம் என்று சொல்வது தாக்கியவர். குறி தப்பியதா இல்லையா என்று பார்த்தவர் இல்லை. ‘துல்லியத் தாக்குதல் நடத்தியதாக ராணுவம் தெரிவித்தது’ என்று எழுதினால் பொறுப்பு சொன்னவரிடமே இருக்கும். 2019இல் டிவியில் ‘ஏர் ஸ்ட்ரைக்’ என்று ஓடியபோது என் அம்மா, “அப்போ பிளேன் ஓடாதா?” என்று கேட்டார். ஸ்ட்ரைக் என்றால் வேலைநிறுத்தம் என்பதுதானே இங்கே வழக்கம்?

‘ஆக்கிரமிப்பு’க்கும் இதே கதி. நம் ஊரில் அது வாய்க்காலை மறித்துக் கட்டிய கடை. நாட்டைப் பிடித்து வைத்திருப்பதைச் சொல்லும்போது ‘ராணுவ ஆக்கிரமிப்பு’ என்று அடை சேர்த்துவிடுங்கள்.

இறந்தவர்களைச் சொல்லும்போது ஒரே அளவுகோல் வையுங்கள். ஒரு பக்கத்தார் ‘வீரமரணம்’, மறுபக்கத்தார் ‘சுட்டு வீழ்த்தப்பட்டனர்’, நடுவில் மாட்டிய பொதுமக்கள் ‘பலி’ என்று ஒரே செய்தியில் மூன்று தராசு தொங்கும். ‘உயிரிழந்தனர்’ எல்லோருக்கும் பொருந்தும். கொன்றது யார் என்று உறுதியாகத் தெரிந்தால் ‘கொல்லப்பட்டனர்’.

படி 7: ஒற்று

சுருக்கமாக. ஏவுகணை, எறிகணை, பதுங்குகுழி மூன்றும் வினைத்தொகை. நடுவில் ஒற்று வராது. ‘ஏவுக்கணை’ என்று எழுதாதீர்கள். ஆனால் அடுத்த சொல் சேரும்போது வரும்: ஏவுகணைத் தாக்குதல், வான்வழித் தாக்குதல், துப்பாக்கிச் சூடு, திடீர்த் தாக்குதல். ட்ரோன் தாக்குதலில் வராது.

படி 8: ‘தாக்குதல்’ இல்லாமல் ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கொடுக்கிற பயிற்சி இது. 1748 ஜூன் மாதம், கடலூர். பெரும்பாலும் இப்படித்தான் எழுதிக்கொண்டு வருவார்கள்: ‘கடலூர் மீது பிரெஞ்சுப் படை இரவில் தாக்குதல் நடத்தியது. ஆங்கிலேயரும் தாக்குதல் நடத்தினர். இதனால் பிரெஞ்சுத் தாக்குதல் தோல்வியடைந்தது.’

தவறு ஒன்றும் இல்லை. நடந்தது எதுவும் அதில் இல்லை, அவ்வளவுதான். நடந்தது இது: பிரெஞ்சுப் படை நெருங்குகிறது என்று தெரிந்ததும் ஆங்கிலேயப் படைத்தலைவர் லாரன்ஸ் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கும்படி, கடலூரிலிருந்த வீரர்களையும் பீரங்கிகளையும் தேவனாம்பட்டினம் கோட்டைக்கு நகர்த்தினார். ஊரைக் கைவிட்டுவிட்டார் என்ற சேதி போக வேண்டிய இடத்துக்குப் போனது. இருட்டியதும் வீரர்கள் ஓசையில்லாமல் திரும்பி வந்து மதிலில் பதுங்கினார்கள். நள்ளிரவில் ஏணிகளோடு மதிலேற வந்தவர்கள் மேல் துப்பாக்கியும் பீரங்கியும் ஒரே நேரத்தில் முழங்கின. வந்தவர்கள் சிதறி ஓடினார்கள்.

நகர்த்துதல், கைவிடுதல், பதுங்குதல், ஏறுதல், முழங்குதல், சிதறுதல் என்று வினைகளே கதையைச் சொல்லிவிட்டன. ‘தாக்குதல்’ ஓரிடத்திலும் தேவைப்படவில்லை.

இதை முடித்தவர்களுக்கு இரண்டாவது பயிற்சி, கொஞ்சம் கடினம். 1783 ஜூன். கடலூருக்குள் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை, வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை. 13ஆம் தேதி ஊருக்கு வெளியே கடும் சண்டை. 20ஆம் தேதி கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். 25ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் உள்ளிருந்து பாய்ந்து வந்து அடித்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. மாதக் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து சேதி வந்தது: இரண்டு நாடும் ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன.

இந்த முற்றுகைக்கு என்ன வினை போடுவீர்கள்? ‘கைவிட்டனர்’ என்றால் முடியாமல் போனார்கள் என்றாகும். ‘முறியடிக்கப்பட்டது’ என்றால் பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்தார்கள் என்றாகும். ‘போர்நிறுத்தம்’ என்றால் அங்கேயே பேசி நிறுத்தியதாகும். போன முறை ஒரு பெண் ‘சேதி வந்தது, சண்டை நின்றது’ என்று எழுதியிருந்தாள். அதில் நான் கை வைக்கவில்லை.